நான்ஸ்டிக்கா, எவர்சில்வரா? அடுப்பில் எதற்கு எது

எவர்சில்வர் வாணலியில் உப்புமா கிண்டினால் அடிப்பிடிக்கிறது, நான்ஸ்டிக் கடாயில் பிடிப்பதில்லை. பெரும்பாலான வீடுகளுக்குள் நான்ஸ்டிக் வந்த வழி இதுதான். அந்த அனுபவம் பொய்யில்லை. அதிலிருந்து எடுக்கிற முடிவில்தான் கோளாறு. சீர்வரிசையில் வந்த, விளிம்பில் பெயர் வெட்டிய அந்த வாணலி ஒற்றைத் தகட்டில் அழுத்திச் செய்தது. பெரும்பாலும் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற நான்ஸ்டிக் கடாயோ 3 மில்லிமீட்டர் அலுமினியம். மேல்பூச்சுக்கு நாம் கொடுக்கும் பெருமையில் பாதி, அடியில் இருக்கும் அந்த அலுமினியத்துக்குச் சேர வேண்டியது.

அதே அலுமினியத்தை இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் கிடைப்பதைத்தான் கடைகளில் ட்ரைப்ளை என்று விற்கிறார்கள். அதை நான்ஸ்டிக்குக்கு எதிரே நிறுத்திப் பார்த்தால் கணக்கு மாறிவிடும். மேல்பூச்சு இருந்தால்தான் ஆகும் என்று சொல்லக்கூடிய வேலைகள் தினசரி சமையலில் நாலைந்துதான் மிஞ்சும். அவை எவை, மற்றவற்றை எவர்சில்வரில் ஒட்டாமல் செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

அடிப்பிடித்த வட்டம் சொல்லும் சேதி

வெண்பொங்கல் அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரத்தைக் கழுவும்போது உள்ளே பாருங்கள். கருகல் அடி முழுக்கப் பரவியிருக்காது. வளையம் போல, கேஸ் பர்னரில் தீ வரும் துளைகளின் அளவிலேயே இருக்கும். வளையத்துக்கு நடுவிலும் வெளியிலும் பொங்கல் வெள்ளையாகவே ஒட்டியிருக்கும். காரணம், எவர்சில்வர் வெப்பத்தைப் பக்கவாட்டில் கடத்துவதில் மிக மந்தம். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். மெல்லிய எவர்சில்வரில் தீ படுகிற இடம் கொதிக்கும்போது இரண்டு விரற்கடை தள்ளி இருக்கும் இடம் சும்மா கிடக்கும். அலுமினியத்தில் அதே சூடு சில நொடிகளில் அடி முழுக்கப் பரவிவிடும்.

ஆகவே எவர்சில்வர் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, அதில் மூன்று ரகம் இருக்கிறது. ஒற்றைத் தகடு: ரசம், வெந்நீர், பால் காய்ச்சுவதற்குச் சரி, கிண்டுகிற வேலை எதற்கும் சரியில்லை. சாண்ட்விச் பாட்டம்: அடியில் மட்டும் அலுமினிய வட்டு வைத்து மூடியது. நேர்ச்சுவர் பாத்திரங்களில், அதாவது சாம்பார், கூட்டு, குழம்பு, பாயசம் வைக்கிற பாத்திரங்களில் இது நன்றாக வேலை செய்யும். வளைவான கடாயில் இதை வாங்காதீர்கள். வட்டு முடிகிற விளிம்புக்கு மேலே சுவர் வெறும் மெல்லிய தகடு. தீ அங்கே ஏறும்போது வெங்காயமும் மசாலாவும் அந்தக் கோட்டில்தான் முதலில் கருகும். மூன்றாவது ட்ரைப்ளை: அடி, சுவர் இரண்டிலும் நடுவே அலுமினியம் ஓடும். மொத்தத் தடிமன் வழக்கமாக 2.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். உள்தகடு 304 ரகம், அதாவது ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்தது. வெளித்தகடு இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்வதற்காகக் காந்தம் ஒட்டுகிற 430 ரகம்.

நான்ஸ்டிக்கில் உள்ளது அலுமினியத் தகடு, அதன்மேல் பிடிஎஃப்இ என்ற பிளாஸ்டிக்கின் பூச்சு. 1938இல் அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள் அது. டெஃப்லான் என்பது அதற்கு வைத்த வணிகப் பெயர். 1950களில் பிரான்சில் அதைச் சமையல் பாத்திரத்தில் பூசி டெஃபால் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். எதுவும் அதில் ஒட்டாது என்பதே அதன் குணம். உலோகத்தின் மேலேயே அதை ஒட்ட வைப்பதுதான் தயாரிப்பாளருக்குப் பெரும்பாடு. மணல் வீசி உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, அடிப்பூச்சு போட்டு, அதன்மேல்தான் இதை ஏற்றுகிறார்கள். இவ்வளவு செய்தும் பூச்சின் மொத்தத் தடிமன் ஒரு தலைமுடியின் அளவைத் தாண்டாது. கம்பி நார் அதை என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிரானைட், மார்பிள் என்றெல்லாம் பெயர் போட்டு வருபவற்றில் பெரும்பாலானவை இதே பிடிஎஃப்இ பூச்சுதான். புள்ளி புள்ளியாக நிறம் தெளித்திருப்பார்கள். கல் ஒன்றும் இல்லை. செராமிக் பூச்சு வேறு வகை. சிலிக்காவை அடிப்படையாகக் கொண்டது, பிடிஎஃப்இயைவிடச் சூடு தாங்கும். ஆனால் வழுக்கும் குணத்தைச் சீக்கிரமே இழந்துவிடும். தினமும் புழங்கினால் ஒரு வருடத்துக்குள்ளேயே முட்டை ஒட்டத் தொடங்குவது சகஜம்.

எவர்சில்வரில் ஒட்டாமல் செய்வது

உலோகத்தில் ஒட்டுபவை முக்கியமாக இரண்டு: புரதமும் மாவுச்சத்தும். முட்டை, மீன், பால் முதல் வகை. உருளைக்கிழங்கு, ரவை, சேமியா, அரிசி மாவு இரண்டாவது வகை. இரண்டும் ஈரமாக இருக்கும்போது, போதுமான சூடில்லாத தகட்டில் நேரடியாகப் பட்டால் பசை போலப் பிடித்துக்கொள்ளும். நடுவே சூடான எண்ணெய்ப் படலம் இருந்தால் மேற்பரப்பு உடனே வெந்து இறுகி, தானாக விட்டுவிடும். வரிசை இதுதான்: முதலில் பாத்திரம் சூடாக வேண்டும், பிறகு எண்ணெய் சூடாக வேண்டும், கடைசியில் பொருள். குளிர்ந்த கடாயில் எண்ணெயையும் வெங்காயத்தையும் ஒன்றாகப் போட்டு அடுப்பைப் பற்றவைக்கிற பழக்கம் இருந்தால் எந்த எவர்சில்வரும் ஒட்டத்தான் செய்யும்.

பாத்திரம் தயாரா என்று பார்க்க நாலு சொட்டுத் தண்ணீர் போதும். ட்ரைப்ளை கடாயை மிதமான தீயில் இரண்டு, மூன்று நிமிடம் வையுங்கள். சொட்டு விழுந்ததும் சுர்ரென்று பரவி ஆவியானால் இன்னும் சூடு போதவில்லை. சொட்டு உடையாமல் பாதரசக் குண்டு மாதிரி உருண்டு ஓடினால் தகடு ஏறத்தாழ 190, 200 டிகிரியைத் தொட்டுவிட்டது. அந்த இடத்தில் தீயைக் குறைத்து, தண்ணீர் முழுவதும் போன பிறகு எண்ணெய் ஊற்ற வேண்டும். எண்ணெய் மெலிதாக நெளிந்து, கடாயைச் சாய்த்தால் தண்ணீர் போல ஓடுகிற நேரம்தான் பொருளைப் போடும் நேரம். புகை வந்தால் தாண்டிவிட்டது. அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

உருளைக்கிழங்கு வறுவலில் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அரை கிலோ கிழங்கை வெட்டியதும் இரண்டு முறை தண்ணீரில் அலசுங்கள். முதல் தண்ணீர் பால் போல வரும், அது மேலே ஒட்டியிருந்த மாவு. அதைப் போக்கினாலே பாதி ஒட்டல் போய்விடும். பிறகு துணியில் பரப்பி ஈரம் எடுக்க வேண்டும். கடாய் சூடாகி, மூன்று மேசைக்கரண்டி எண்ணெயும் சூடான பிறகு கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்பிவிட்டு, மூன்று, நான்கு நிமிடம் கரண்டியைத் தொடாமல் இருக்க வேண்டும். கஷ்டமான பகுதி இதுதான். போட்ட உடனே கிளறினால் இறுகாத மேற்பரப்பு பிய்ந்து தகட்டில் ஒட்டும், அதைச் சுரண்டச் சுரண்ட வறுவல் பிசைந்த கிழங்காகிவிடும். பொறுத்திருந்தால் அடிப்பக்கம் பொன்னிறமாகித் தானே நகரும். உப்பைக் கடைசியில் சேருங்கள்; முன்னாலேயே போட்டால் கிழங்கு தண்ணீர் விட்டு வறுபடாமல் வெந்துபோகும். இப்படிச் செய்த வறுவல் நான்ஸ்டிக்கில் வருவதைவிட முறுகலாகவே இருக்கும்.

மீன் வறுப்பதும் இதே பாடம்தான், கூடுதலாக இரண்டு எச்சரிக்கை. மசாலாவில் தண்ணீரைக் குறையுங்கள். ஒரு தேக்கரண்டி அரிசி மாவு சேர்த்தால் மேற்பரப்பு காய்ந்து இறுகும். துண்டைப் போட்டபின் தோசைத் திருப்பியை நுழைத்துப் பார்த்து, எதிர்த்தால் விட்டுவிடுங்கள், இன்னும் ஒரு நிமிடத்தில் அதுவே விடும். வஞ்சிரம் போன்ற கெட்டியான மீன் துண்டுக்கு எவர்சில்வர் தாராளமாகப் போதும். நெத்திலி, சங்கரா என்று தோலும் சதையும் மெல்லியதாக இருப்பவற்றுக்கு நான்ஸ்டிக் தவா நிம்மதி.

உப்புமாவுக்கு வேறு தந்திரம். அங்கே எண்ணெய்ப் படலம் நிற்காது. ரவை தண்ணீரைக் குடித்துக் கூழாகும்போது அடியில் ஒரு படலம் படியத்தான் செய்யும். ரவையைத் தனியாக வறுத்து, கொதிக்கும் தண்ணீரில் தூவிக் கிளறி, தண்ணீர் இழுத்ததும் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால், உள்ளே தங்கிய ஆவி அந்தப் படலத்தை இளக்கியிருக்கும். கரண்டியால் ஒரு இழு இழுத்தால் வந்துவிடும். அடுப்பை எரியவிட்டுக்கொண்டே சுரண்டுவதுதான் கருகலில் முடிகிறது. சேமியா, வெண்பொங்கலுக்கும் இது பொருந்தும். பால் காய்ச்சும்போது பாத்திரத்தைத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் ஈரத்தோடேயே பாலை ஊற்றுங்கள். அடியில் ஆடை பிடிப்பது நன்றாகக் குறையும்.

முட்டை மட்டும் எவர்சில்வரில் பழகிய கைக்கே வரும். தண்ணீர்ச் சொட்டுச் சோதனை, பிறகு தீயைச் சிறிதாக்குதல், இரண்டு தேக்கரண்டி எண்ணெய், அறைச் சூட்டில் இருக்கும் முட்டை, விளிம்பு வெளுக்கும்வரை பொறுமை. இத்தனையும் சரியாக அமைந்தால் ஆம்லெட் வழுக்கி வரும். காலை ஏழரைக்குப் பள்ளி வேன் வரும் வீட்டில் இத்தனையும் சரியாக அமைவது அபூர்வம். எண்ணெயும் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் இந்த வேலைக்கு நான்ஸ்டிக்கை எடுப்பதில் எந்தக் குறையும் இல்லை.

தோசை தனி வழக்கு

தோசைக்கு எவர்சில்வர் ஒத்துவராது. ஒட்டாமல் இருக்குமளவுக்கு எண்ணெய் தடவினால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். மாவு பரவுமளவுக்குத் துடைத்துவிட்டால் தோசை எழும்பாது. ஆகவே இங்கே போட்டி நான்ஸ்டிக்குக்கும் இரும்புத் தோசைக்கல்லுக்கும்தான். பழகிய இரும்புக் கல்லில், பல மாதமாகத் தடவிய எண்ணெய் சூட்டில் இறுகி, கருப்பான வழுவழுப்பான படலமாகியிருக்கும். அதுவும் ஒரு வகைப் பூச்சுதான், போனால் மறுபடி வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளலாம். கனமான இரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் மாவு விழுந்ததும் கல் குளிர்ந்துபோகாது, முறுகல் கிடைக்கும். மெல்லிய நான்ஸ்டிக் தவாவில் தோசை வெளிறி வருவதற்குக் காரணம் மாவு விழுந்ததும் சூடு இறங்குவதே. 4 மில்லிமீட்டருக்குக் குறையாத தவா வாங்கினால் இது ஓரளவு சரியாகும்.

ரவா தோசையில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கல் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் தண்ணியான மாவு விழுந்த நொடியே ஆவி கிளம்பி வலை வலையாகத் துளை விழும். நான்ஸ்டிக்கில் துளை வரவில்லை என்று தீயை முழுக்கத் திறந்து காயவிடுகிறோம். பல வீடுகளில் தவாவின் ஆயுள் பாதியாவது இந்த ரவா தோசையால்தான். ரவா தோசை, சுக்கா சப்பாத்தி இரண்டும் இரும்புக்கு. ஊத்தப்பம், முட்டை தோசை, கோதுமை தோசை, நீர் தோசை ஆகியவை நான்ஸ்டிக்கில் அழகாக வரும்.

நான்ஸ்டிக்கில் மாவு கரண்டியோடு உருண்டு வருகிறது என்ற புகார் அடிக்கடி கேட்பது. முன்னாலேயே எண்ணெய் விட்டிருந்தாலோ, தவா அதிகம் காய்ந்திருந்தாலோ இப்படி நடக்கும். மிதமான தீயில் இரண்டு நிமிடம் காயவிட்டு, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, உடனே மாவை ஊற்றித் தேய்த்துவிட்டு, அதன்பிறகு சுற்றிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காய்ந்த தவாவில் டம்ளர் தண்ணீரைக் கொட்டினால் தகடு நெளிந்துவிடும், அதன்பின் எண்ணெய் எப்போதும் ஒரு பக்கமே ஓடும்.

சூடு எங்கே ஆபத்தாகிறது

பிடிஎஃப்இ பூச்சு ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதைத் தாண்டினால் மெல்லச் சிதையத் தொடங்கும்; 350 டிகிரிக்கு மேல் போனால் வெளிவரும் புகையைச் சுவாசிப்பவருக்குச் சளிக்காய்ச்சல் போலக் குளிரும் உடம்பு வலியும் வரலாம். பறவைகளின் நுரையீரல் இன்னும் மென்மையானது. சமையலறைக்குப் பக்கத்தில் லவ் பேர்ட்ஸ் கூண்டு வைத்திருப்பவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது: மறந்துபோய் அடுப்பில் காய்ந்த ஒரு நான்ஸ்டிக் பாத்திரமே அவற்றைக் கொன்றுவிடும்.

இந்தச் சூடு வழக்கமான சமையலில் வருமா? தண்ணீர் இருக்கும்வரை பொருள் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். பொரிக்கும் எண்ணெய் 170 முதல் 190 டிகிரி வரை. ஆபத்து வெறும் பாத்திரத்தில்தான். ஒன்றுமில்லாத நான்ஸ்டிக் தவாவைப் பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்தால் சில நிமிடங்களிலேயே 260ஐத் தாண்டும். இண்டக்‌ஷனில் 2000 வாட்டில் வைத்தால் இன்னும் வேகம். தீ கண்ணுக்குத் தெரியாததால் கவனமும் இருக்காது. அங்கே 600, 800 வாட்டில் தொடங்குவதே முறை.

இதை வைத்துப் பார்த்தால் நான்ஸ்டிக்கில் செய்யக் கூடாத வேலைகள் தாமாகவே தெரியும். மிளகாய், மல்லி, கடலைப்பருப்பை எண்ணெயில்லாமல் வறுப்பது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளிப்பது; பெரிய கடாயின் ஓரமெல்லாம் காலியாகக் காய்ந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் கடுகு வெடிக்கும். தீயை உயர்த்தி இறைச்சியைச் சுருள வறுப்பது. இந்த மூன்றும் நம் சமையலில் அன்றாடம் நடப்பவை, மூன்றுக்கும் எவர்சில்வரோ இரும்போதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நான்ஸ்டிக்கை 170 டிகிரிக்கு மேல் சூடாக்குவதையே எச்சரிக்கிறது. முறுகலான தோசைக்கே அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும், ஆக அந்த அளவு கறாரானது. அதை அப்படியே பின்பற்ற முடியாதவர்கள்கூட வெறும் பாத்திரத்தைக் காயவிடாமல், தீயை மிதத்துக்கு மேல் ஏற்றாமல் இருந்தால் ஆபத்தான எல்லைக்குப் பக்கத்தில் போக மாட்டார்கள்.

உரிந்த துணுக்கை விழுங்கினால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை அப்படியே நம்ப வேண்டாம். பிடிஎஃப்இ உடம்பில் எதனுடனும் வினை புரியாத பொருள், வந்தபடியே வெளியேறிவிடும். உலகெங்கும் சர்ச்சையான பிஎஃப்ஓஏ, அந்தப் பூச்சைத் தயாரிக்கும்போது உதவிக்குச் சேர்த்த வேறொரு வேதிப்பொருள். அதனால் பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள் ஆலைகளில் வேலை செய்தவர்களும் அவற்றைச் சுற்றிய தண்ணீரைக் குடித்தவர்களும். அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2015க்குள் அதைக் கைவிட்டன. எளிதில் அழியாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் 2019இல் அது சேர்ந்தது. டப்பாவில் ‘பிஎஃப்ஓஏ இல்லை’ என்று அச்சிட்டிருப்பது அந்தப் பொருளைப் பற்றி மட்டுமே; பூச்சு பிடிஎஃப்இ அல்ல என்று அதற்குப் பொருளில்லை.

எவர்சில்வர் பக்கமும் ஒரு சின்ன அடிக்குறிப்பு உண்டு. புளி, தக்காளியை நெடுநேரம் கொதிக்கவைத்தால் மிகக் குறைந்த அளவில் நிக்கலும் குரோமியமும் இறங்கும். புதுப் பாத்திரத்தில் முதல் சில முறை கூடுதலாகவும், புழங்கப் புழங்கக் குறைவாகவும். கவரிங் நகை போட்டால் தோல் தடிக்கிற அளவுக்கு நிக்கல் ஒவ்வாமை இருப்பவர்கள் மட்டும் இதைக் கணக்கில் கொள்ளலாம். மற்றவர்களுக்குப் புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு எல்லாவற்றுக்கும் எவர்சில்வரே சரி.

யார் கழுவுகிறார்கள்?

இரண்டில் எது என்று தீர்மானிப்பது பல வீடுகளில் அடுப்பைவிடக் கழுவும் தொட்டிதான். நான்ஸ்டிக்கைக் கழுவ மென்மையான ஸ்பாஞ்சும் சோப்புத் தண்ணீரும் போதும். ஆனால் அது தனியாக, ஆறிய பிறகு, கம்பி நார் படாமல் கழுவப்பட வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அக்கா எல்லாப் பாத்திரத்தையும் ஒரே நாரால் தேய்ப்பவராக இருந்தால், ஒரு முறை சொல்லி மாற்றிவிடலாம் என்று நம்பி மூன்று நான்ஸ்டிக் பாத்திரம் வாங்குவது காசுக்குக் கேடு. ஒரே ஒரு தவாவை வைத்துக்கொண்டு அதை நீங்களே கழுவி வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். அடுக்கும்போது மேலே வேறு பாத்திரம் வைத்தால் நடுவில் துணியோ காகிதமோ போடுங்கள். கீறலில் பாதி அலமாரியில்தான் விழுகிறது.

கீறலே இல்லாத தவாவும் ஒட்டத் தொடங்குவதுண்டு. தடவித் தடவித் தங்கிய எண்ணெய் பழுப்புப் பிசினாக இறுகி, பூச்சுக்கு மேலே இன்னொரு பூச்சாக உட்கார்ந்திருக்கும். எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பவர்களுக்கு இது சீக்கிரமே வரும். தவா மூழ்க இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா, சிறு தீயில் பத்து நிமிடம். ஆறிய பின் ஸ்பாஞ்சால் தேய்த்தால் பாதி உயிர் திரும்பும். உலோகம் வெளியே தெரிந்தாலோ, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டும் முட்டை பிடித்துக்கொண்டாலோ, அதை மாற்றிவிட வேண்டியதுதான்.

எவர்சில்வரில் கருகிப் போனால் பயப்பட ஒன்றுமில்லை. அதே சோடாத் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மரக்கரண்டியால் தள்ளினால் கருகல் தகடு தகடாக வரும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் படிந்த வெள்ளைத் திட்டுக்கும், அதிகச் சூட்டால் வந்த நீலமும் ஊதாவுமான வானவில் கறைக்கும் வினிகரோ எலுமிச்சையோ போதும். இந்தக் கறைகள் அழகுக் குறைதான், சமையலுக்குக் கேடில்லை. உண்மையான சேதம் வேறு இடத்தில் இருக்கிறது: குளிர்ந்த தண்ணீரில் கல் உப்பைப் போட்டு அப்படியே விடுவது. கரையாமல் அடியில் கிடக்கும் உப்புக் கல் ஒவ்வொன்றும் தகட்டின் பாதுகாப்புப் படலத்தைத் துளைத்து ஊசிமுனை அளவில் குழி போடும், அந்தக் குழி எதற்கும் போகாது. தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கலக்கிவிடுங்கள். பிளீச்சிங் கலந்த தண்ணீரில் ஊறவைப்பதும் இதே கதி.

காசுக் கணக்கு

ஒரு நல்ல நான்ஸ்டிக் தவா 1,000 ரூபாய், ஒரு ட்ரைப்ளை கடாய் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினமும் புழங்கினால் நான்ஸ்டிக் இரண்டு, மூன்று வருடம் ஓடும். பத்து வருடத்தில் நான்கு தவா, 4,000 ரூபாய். அந்தக் கடாய் பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். பழைய எவர்சில்வரைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுப் புதியதற்குக் கழித்துக்கொள்ளலாம். நான்ஸ்டிக்குக்கு யாரும் பெயர் வெட்டிக் கொடுப்பதில்லை என்பது தற்செயல் இல்லை.

எனவே நாலு பேர் வீட்டுக்கு: 24 சென்டிமீட்டர் ட்ரைப்ளை கடாய் ஒன்று, சாம்பார், குழம்புக்குச் சாண்ட்விச் பாட்டம் பாத்திரம் இரண்டு அளவில், முட்டைக்கும் ஊத்தப்பத்துக்கும் 4 மில்லிமீட்டர் நான்ஸ்டிக் தவா ஒன்று, இடமும் பொறுமையும் இருந்தால் ஒரு இரும்புக் கல். நான்ஸ்டிக் கடாய் இந்தப் பட்டியலில் இல்லை. கேசரியும் அல்வாவும் அடிக்கடி கிண்டுபவர்கள் மட்டும் ஒன்று வைத்துக்கொள்ளலாம். முக்கால் மணி நேரம் மரக்கரண்டியால் கிண்டுகிற வேலையில் அது நெய்யையும் கையையும் மிச்சப்படுத்தும். தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர், சமையல் இப்போதுதான் பழகுகிறார் என்றால் வரிசையைத் திருப்பிப் போடலாம்: முதலில் ஒரு நான்ஸ்டிக் பான், தீயின் அளவு கைக்கு வந்த பிறகு கடாய்.

கடையில்

காந்தம் கொண்டுபோய்த் தரம் பார்க்கும் பழக்கம் பாதிதான் உதவும். 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது என்பது சரி. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசைத் தகட்டிலும் ஒட்டாது, உப்பும் புளிப்பும் பட்டால் துரு புள்ளி வைப்பது அதில்தான். பாத்திரத்தில் ரகம் பொறித்திருக்கிறதா, ரசீதில் எழுதித் தருகிறார்களா என்று பாருங்கள். 2024இல் மத்திய அரசு எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கி ஆணை அறிவித்தது. எவர்சில்வருக்கு உரிய எண் ஐஎஸ் 14756. அடியின் வெளிப்பக்கத்தில் காந்தம் நன்றாகப் பிடித்தால் இண்டக்‌ஷனில் வேலை செய்யும், அந்தச் சோதனைக்குக் காந்தம் பயன்படும். சமதளத்தில் வைத்து ஓரத்தை அழுத்திப் பாருங்கள், ஆடினால் எடுக்காதீர்கள். நான்ஸ்டிக்கில் கைப்பிடி ஆணி உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் பூச்சு முதலில் அந்த ஆணியைச் சுற்றித்தான் உரியும்.

புது எவர்சில்வரின் உள்ளே பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் கருப்பாக வரும். பாலிஷ் போட்ட மருந்து அது, சோப்பில் மட்டும் போகாது. பஞ்சு சுத்தமாக வரும்வரை துடைத்து, ஒரு பங்கு வினிகரும் மூன்று பங்கு தண்ணீரும் ஊற்றிக் கொதிக்கவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முதல் வாரம் பருப்பு, பால், கீரை. புளிக்குழம்பு அடுத்த வாரம் வைக்கலாம்.